வெள்ளம் இல்ல

ஊரில் அவன் நேசையன். டெல்லியில் என். நேசன். சொந்தப் பெயரிலேயே கத்திரி போட்டவனுக்குப் பேச்சில் நாலு வார்த்தையை வெட்டுவதா பெரிய காரியம் என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். சிரிப்பான். அந்தச் சிரிப்பும் டெல்லிச் சிரிப்புதான்.

இரணியலில் நாங்கள் ஒரே பெஞ்சில் படித்தோம். நான், கிருஷ்ணமணி, அப்பாவின் ரப்பர் ஷீட் கடையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சென்னைக்குப் படிக்கப் போனான். விடுதியில் முதல் நாளே, "வெள்ளம் எங்க இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்திருக்கிறான். குடிக்கத் தண்ணீர் கேட்டான், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு அதுதான் பெயர். அவர்களுக்கோ வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. மூன்று வருஷமும், தூறல் விழுந்தால்கூட, "நேசையா, உன் வெள்ளம் வந்தாச்சு" என்று கூப்பிட்டுக் காட்டினார்களாம். லீவுக்கு வந்தவன் தன் அம்மா நேசபாயிடமே தண்ணீர் என்றுதான் கேட்டான். அந்த அம்மாவுக்குப் பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டெல்லியில் அவனுக்கு ஒரு பாதுகாப்பு ஆய்வு மையத்தில் வேலை. துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. கடலோரத்தை எப்படிக் காவல் காப்பது, எந்தப் படகைச் சந்தேகப்படுவது, புயல் வந்தால் யாரை முதலில் மீட்பது என்றெல்லாம் முடிவெடுக்கிறவர்களுக்கு யோசனை எழுதிக் கொடுப்பது. முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்தான். நானூறு பக்க அறிக்கையை ஒரே பக்கத்துக்குச் சுருக்கித் தருவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். பெரிய அதிகாரி எவரும் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார் என்பது அவன் கட்சி. கடலில் மாட்டிக்கொண்ட படகுகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதியதும் அவன்தான். தண்ணீர் புகுந்த படகு முதல் வகை. அடிபட்டவர்கள் இருக்கும் படகு இரண்டாம் வகை. சும்மா மிதப்பது மூன்றாம் வகை.

அவன் ஓய்வு பெற்ற வருஷம், ஐப்பசியில் அரபிக்கடலில் ஒரு புயல். கட்டுப்பாட்டு அறைக்கு ஆலோசகராகப் போயிருந்தான். எங்கள் கடற்கரைப் படகு ஒன்றிலிருந்து வயர்லெஸ்ஸில் வந்த பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அங்கே தமிழ் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். போட்டுக் காட்டினார்கள். ஒரே இரைச்சல். எஞ்சின் நின்றுவிட்டது என்பது புரிந்தது. அதன் பிறகு, "வெள்ளம் இல்ல." இவன் எழுதிக் கொடுத்தான்: படகுக்குள் நீர் புகவில்லை, மூன்றாம் வகை.

ஆறாம் நாள் கப்பல் போய்ச் சேர்ந்தபோது படகு நன்றாகத்தான் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் டிரம்மை முதல் நாளே அலை கொண்டுபோயிருந்தது. ஏழு பேரில் இரண்டு பேர் தாகத்தில் செத்திருந்தார்கள், படகை ஓட்டிய டிஜோவும் அவன் அண்ணன் ஷிஜினும். குடிநீர் இல்லை என்று படகிலிருந்து பேசியவர் தெரிவிக்கவில்லை என்று அறிக்கையில் ஒரு வரி ஏறியது. அதுவும் இவன் குறிப்பை வைத்து எழுதியதுதான். வயர்லெஸ் அறையில் டிஜோ தனியாக இருந்து பேசியது புயல் இரைச்சலில் பிழைத்த ஐந்து பேருக்கும் கேட்டிருக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாவிகள் என்று அப்போது வருத்தப்பட்டதாக என்னிடம் சொன்னான். அதை நான் முழுசாக நம்பவில்லை.

ஊருக்கே திரும்பி வந்து மூன்று வருஷம் நன்றாகத்தான் இருந்தான். போன தை மாதம் என் தங்கை மகள் ஆதிராவின் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பரிமாறிக்கொண்டிருந்த ஒருவன் சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"இஞ்ச வெள்ளம் இல்ல. வெள்ளம் இல்ல."

நேசையனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான்.

ஒரு வாரம் ஆளைக் காணவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கூடம், படுக்கை, ஜன்னல் எங்கும் தண்ணீர் பாட்டில்கள், எல்லாம் நிரம்பி இருந்தன. முகம் வற்றிப்போயிருந்தது. குழாயைத் திறந்தால் படகிலிருந்து பேசிய அந்தக் குரல் வருகிறது, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் வருகிறது என்றான். எனக்கு அங்கே உட்காரவே பயமாக இருந்தது. வயர்லெஸ்ஸில் டிஜோ எத்தனை தடவை அப்படிச் சொன்னான் என்று கேட்டேன். ரெண்டு மூணு தடவை இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருத்தம் கேட்டு டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தான். அதுவும் ஒரே பக்கம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏனென்றால் களியக்காவிளைக்குச் சரக்கு கொண்டுபோகிற இடத்தில் நான் விசாரித்திருந்தேன். டிஜோவின் மனைவி ரெஜிலாவும் ஷிஜினின் மனைவி ஜெப்சியும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிறார்கள். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. உன் மாப்பிள்ளை கையில் வயர்லெஸ்ஸை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து கேட்காமல் என் மாப்பிள்ளையைக் கொன்றான் என்று ஜெப்சி சொன்னது ஊரெல்லாம் தெரியும். ரெஜிலா கோயிலில் கடைசியில் போய் நிற்கிறாள்.

"ஏலே, ஒனக்க கடுதாசி அங்க ஃபைலுக்குள்ள கெடக்கும்" என்றேன். "அவ வீட்டுல போயி சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ரெஜிலா எங்களை யாரோ அதிகாரிகள் என்று நினைத்து உட்காரச் சொன்னாள். மேஜையில் ஒரு செம்பும் டம்ளரும் கொண்டுவந்து வைத்தாள். குடிக்க வெள்ளம் என்றாள். அவன் அதைத் தொடவில்லை. எழுந்து நின்றுகொண்டு, மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிக்கிறவனைப் போல எல்லாவற்றையும் சொன்னான்.

"அவரு கேட்டாரும்மா. வெள்ளம் இல்லன்னு தெளிவா சொன்னாரு. நாந்தான் மாத்தி எழுதினேன்."

நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது.

ரெஜிலா அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் நியாயம்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. நேரே மதில் பக்கம் போனாள். மூன்று வருஷமாகக் கூப்பிடாத பெயரைக் கூப்பிட்டாள்.

"ஜெப்சியக்கா, இஞ்ச வாருங்க. இந்த சார் சொல்லுததக் கேளுங்க."

ஜெப்சி வந்தாள். வாசலுக்குள் கால் வைக்காமல் நின்று கேட்டாள். நேசையன் முதலிலிருந்து மறுபடியும் சொன்னான். இரண்டாவது தடவை அவன் குரல் ஒப்பிக்கிறவனின் குரலாக இல்லை. முடித்த பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தன தடவ கேட்டான்?"

நேசையன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"பதினொண்ணு."

ஜெப்சி வாசலைத் தாண்டி உள்ளே வந்து ரெஜிலாவின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் அழுகை வந்தது. எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. நாங்கள் இறங்கி வந்துவிட்டோம்.

காரில் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. என்னிடம் ஏன் ரெண்டு மூணு என்றாய் என்று கேட்டேன்.

"பதினொண்ணுன்னு சொல்லியிருந்தா நீ அப்பமே கேட்டிருப்ப மக்கா" என்றான்.

"என்னத்தக் கேட்டிருப்பேன்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நல்ல சேதிய எவனாவது பதினோரு தடவ சொல்லுவானான்னு."