கரமனை விசாலமும் நெய்க் கசண்டும்

செய்தி வந்தபோது நான் வாசலில் மீன்காரியின் கூடையில் சாளையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பனங்கோட்டில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. விசாலத்தின் மகன் ராமநாதன். மீன் கூடையைக் கண்டால் எட்ட நிற்கிற பையன், அன்று கூடைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றான். "எஸ்தர் மாமி, அம்மா போயிட்டா. விடிகாலம்பற, தூக்கத்துலயே" என்றான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின வாரம்கூடப் பேசிக்கொண்டிருந்தோமே, ஒரு குறிப்பும் காட்டாமல் போய்விட்டாளே என்ற கோபம். மீன்காரி கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கைகழுவினேன். அந்த வீட்டுக்கு மீன் மணக்கிற கையோடு போகக் கூடாது என்பது எனக்கு வெகுநாள் பழக்கம்.

விசாலத்தை அறிந்தவர்கள், முக்கியமாக நம் அலுவலகத்துத் தட்டச்சுப் பிரிவில் இருந்தவர்கள், இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், வரவில்லை. இருபது வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, மழை நாளில் ஒரே குடையில் பஸ்ஸுக்கு நடந்தவளை 'அவர்' என்றால் அவளே சிரிப்பாள். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதியம் நான் மரச்சீனிக் கிழங்கும் மீனும் கொண்டுவந்த நாட்களில், "நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன், நீ சாப்டு" என்று நாற்காலியைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் மற்றவர்கள் சாப்பிடுவதை அவள் கவனிக்காமல் விட்டதில்லை. எங்கள் சூப்பிரண்டு ஓணத்துக்கு ஓணம் அவளுடைய சேமியா பாயசத்தை வானளாவப் புகழ்வார். ஒரு வருஷம் அவள் கொண்டுவரவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "டம்ளர்ல பாதி நிக்கறதே, நீ பாக்கலையோ? பாவம் மனுஷர், எத்தனை வருஷம்தான் புகழுவார்?" என்றாள். "என்ன பிடிக்கும்னு கேட்டா மரியாதைக்குப் பொய் சொல்லுவா. எதை மிச்சம் வெச்சான்னு பாரு, அதுதான் நெஜம்." மனிதர்களிடம் அவள் பழகிக்கொண்ட இந்தப் பார்வை, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாய்க்குப் பயன்பட்டது.

கரமனையில் அவர்கள் தெரு வீடுகளுக்குப் பின்னால் ஆற்றுப் பக்கமாக ஒரு சந்து போகிறது. விருந்து நடந்த வீடுகளின் எச்சில் இலைகள் அங்கேதான் வந்து விழும். அந்தச் சந்தில் ஒரு செவலை நாய் வளர்ந்தது. குட்டியாக இருந்தபோது எந்த வாழைத்தோட்டத்துக் கம்பிக் கண்ணியிலோ மாட்டி, அறுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறது. கம்பி கழுத்திலேயே நின்றுவிட்டது. கழுத்து பெருக்கப் பெருக்கக் கம்பி சதைக்குள் இறங்கிற்று. மழைக்காலத்துக்குள் எடுக்காவிட்டால் புழு வைத்துச் செத்துப்போகும் என்பது பார்த்தாலே தெரிந்தது. அதுவோ யாரையும் கிட்டே விடாது. மிருக டாக்டரிடம் விசாலம் கேட்டதற்கு, "பிடிச்சோண்டு வரூ, ஞான் முறிச்சு தராம்" என்றார். பிடிக்க முடிந்தால் இவளே முறித்துவிட மாட்டாளா? நாய் பிடிக்கிற வண்டிக்காரர்களிடம் சொன்னால் பிடிப்பார்கள். அந்த வண்டியில் ஏறின நாய் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. தெருவில் எல்லோரும் அதைக் 'கம்பி' என்று கூப்பிட்டார்கள். விசாலம் மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டாள். "எடுக்கப்போற ஒண்ணைப் பேரா வெப்பாளோ?" என்பாள்.

அதற்குப் பிடித்ததைக் கொடுத்துக் கிட்டே வரவழைப்பது என்று முடிவு செய்தாள். முதலில் செய்தது உளுந்து வடை. "பைரவருக்கு வடைமாலை சாத்தறோம், அவரோட வாகனத்துக்குப் பிடிக்காம இருக்குமோ?" என்று அவளுடைய தர்க்கம். வாகனம் வடையை மூக்கால் உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. காக்கைகளுக்கு நல்ல விருந்து. பிறகு பேக்கரி ரஸ்க் கொடுத்தாள். அதைக் கவ்விக்கொண்டு ஓடிற்று, நின்று தின்னவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளே, நாய்க்கு யாராவது வடை சுட்டுக் குடுப்பாங்களா? கருவாடு கண்டா எந்த நாயும் காலடியில கிடக்கும். ஞாயித்துக்கிழமை எனக்க வீட்டுக்கு வா" என்றேன். வந்தாள். நெத்தோலிக் கருவாட்டை உப்புப் போக ஊறவைத்து, வறுத்து, உரலில் இடித்துக் கோதுமை மாவோடு பிசைந்து, சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டித் தோசைக்கல்லில் மொறுமொறுவென்று சுட்டோம். இடித்தது அவள்தான். புடவைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இடித்தாள். நான் இடிக்கிறேன் என்றதற்கு விடவில்லை. என் வீட்டுக்காரர் வேதமணி எட்டிப் பார்த்து, "எனக்கு ஒரு நாளாவது இவ்வளவு பக்குவமா செய்து தந்திருக்கியாட்டீ?" என்றார். "நீங்களும் வாலாட்டுங்க, செய்து தாறேன்" என்றேன். விசாலம் உரல் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். பின் சீட்டில் அவள் தெருக்காரி ஒருத்தி. "எங்கேயோ மீன் நாறறதே விசாலம்" என்றாள். "பஸ்னா எல்லாந்தான் இருக்கும்" என்று வெளியே பார்த்தபடி சொன்னாள் விசாலம், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.

சந்தில் நாய் வந்தது, மோந்தது, ஒரு தும்மல் போட்டது, திரும்பிப் போய்விட்டது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எங்கள் ஊர்க் கருவாட்டை ஒரு தெருநாய் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? விசாலம் வில்லைகளைப் பொறுக்கியபடி சொன்னாள்: "இது இந்தத் தெருவுல பொறந்தது எஸ்தர். எங்க இலையில விழுந்ததைத் தின்னு வளந்தது. மீன்னா என்னன்னு இதுக்கு எப்படித் தெரியும்? நாய்னா இதைத்தான் தின்னும்னு நீயும் நெனச்சே, நானும் நெனச்சேன். இந்த நாய் என்ன தின்னும்னு நாம பாக்கலை."

பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் வெண்ணெய் காய்ச்சுவார்கள். அன்றைக்கு மட்டும் நாய் அவர்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறது என்று கண்டுபிடித்தாள். நெய்யை வடித்தபின் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு நிற்குமே கசண்டு, குழந்தைகள் சர்க்கரை போட்டுத் தின்பதற்குச் சண்டை போடுவார்களே, அந்த மணத்துக்குத்தான் வருகிறது. சர்க்கரை சேர்க்காமல், கசண்டில் கோதுமை மாவை வறுத்துச் சேர்த்து உருண்டை பிடித்துப் போட்டாள். நாய் வந்து கவ்விற்று. ஓட்டம்தான், ஆனால் திரும்பி வந்தது. மறு வெள்ளியும் வந்தது. பிறகு அவள் கையிலிருந்தே வாங்கிற்று. காதைத் தொடவிட்டது. கழுத்துப் பக்கம் விரல் போனால் மட்டும் பாய்ந்து விலகும்.

ஒரு நாள் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "தப்பு என் பேர்லதான். உருட்டிக் குடுத்தா தூக்கிண்டு ஓடத்தான் ஓடும். உருட்டப்படாது. நின்னு நக்கித்தான் தின்னணும்" என்றாள். தகரத் தட்டில் வழித்து வைத்துப் பார்த்தாள். நக்க நக்கத் தட்டு நகர்ந்து கல்லில் கடகடத்தது, நாய் மிரண்டு ஓடிற்று. நகராத பாத்திரம் வேண்டும். கசண்டு அடியில் ஒட்டியபடியே இருக்கவேண்டும். அந்த வீட்டில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மாமியார் பார்வதியம்மாள் தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த வெண்கல உருளி. நெய் காய்ச்சுவதும், சிராத்தத்துக்குப் பாயசம் வைப்பதும் அதில்தான். அதை நாய்க்கு முன்னால் வைப்பது என்றால் என்ன என்று அந்தத் தெருவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குக்கூடத் தெரியும்.

வேதமணி சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடையில் வேலை பார்த்தார். கம்பி வெட்டுகிற கத்தரி ஒன்று அவரிடம் வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போனேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். விசாலம் சூடு ஆறின உருளியைத் தூக்கி வந்து சந்தில் வைத்தாள். நான் பிள்ளைகள் யாரும் வந்துவிடாமல் திருப்பத்தில் நின்றேன். நாய் தலையை உருளிக்குள் விட்டது. அவள் இடது கையைக் காதிலிருந்து மெல்லக் கழுத்துக்கு நகர்த்தினாள். நாய் உறுமிற்று. ஆனால் நாக்கை நிறுத்தவில்லை, உறுமிக்கொண்டே நக்கிற்று. கம்பி முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. சதையில் ஒட்டியிருந்ததை அவள் விரலால் உரித்து எடுக்கிறபோது அதன் உடம்பெல்லாம் நடுங்கிற்று. அப்போதும் அது கடிக்கவில்லை. கம்பியோடு அவள் எழுந்து நின்றபோது முழங்கைவரை ரத்தமும் சீழும். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

அப்போதுதான் பின்கதவைத் திறந்துகொண்டு பார்வதியம்மாள் வந்தார். நாயின் தலை இன்னும் உருளிக்குள்தான் இருந்தது. அவர் கூச்சல் போடவில்லை. பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்குப் புரோகிதம் செய்கிற வாத்தியாரைக் கேட்டார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து நெருப்பில் காட்டினால் சுத்தம், இனிமேல் நாய் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று அவர் வழி சொன்னார். பார்வதியம்மாளும் சரி என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

விசாலம்தான் முடியவிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரும்புச் சட்டியில் கசண்டைப் போட்டு வைத்தாள். கழுத்துப் புண் ஆறிக்கொண்டிருந்த நாய் புதுச் சட்டியைக் கண்டு எட்டவே நின்றது, அவள் கையையும் நம்பவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் அப்படியே. அவள் உள்ளே போய் உருளியை எடுத்துவந்து வைத்துவிட்டாள். "உனக்குப் பைத்தியமா? கம்பிதான் எடுத்தாச்சே, விட்டுத் தொலைக்கப்பிடாதா?" என்று நான் சண்டை போட்டேன். அவள் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "அது என்னை நம்பி வலியைப் பொறுத்துண்டு நின்னுது எஸ்தர். வேலை முடிஞ்சுடுத்து, இனிமே உனக்கு ஒண்ணும் கிடையாதுன்னா, அன்னிக்கு நான் வெச்சது தூண்டில். இன்னிக்கும் வெச்சாத்தான் அது தின்பண்டம்."

உருளி நாய்க்கே ஆயிற்று. அந்த நாய் கிழமாகிச் சாகும்வரை வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அந்த வீட்டில் அன்று முதல் இரண்டு அடுப்பு. பார்வதியம்மாள் தனக்குத் தானே சமைத்துக்கொண்டார், விசாலத்தின் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கவில்லை. இரண்டு அடுப்புக்கும் நடுவில் விசாலத்தின் கணவர் இரண்டு தடவை சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பருமனானார், பாவம். அவரும் போய்விட்டார். நாய் போய் எத்தனையோ வருஷமாகியும் அடுப்பு ஒன்றாகவில்லை. இதற்கிடையில் அலுவலகத்தில் நாய் வளர்க்கிறவர்களெல்லாம் விசாலத்திடம் யோசனை கேட்கத் தொடங்கினார்கள். வேகவைத்த பலாக்கொட்டை, தேங்காய்ப்பூ சேர்த்த கோதுமை வில்லை என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒன்று சொல்வாள். உங்களில் சிலர் வீட்டு நாய்களும் அதைத் தின்றிருக்கும்.

அன்று கரமனைக்குப் போனபோது விசாலத்தைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பார்வதியம்மாள் உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எண்பது கடந்தவர். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீதானே அன்னிக்குக் கத்தரி கொண்டுவந்தவ?"

"ஆமா மாமி."

"அந்த உருளி எங்கம்மா எனக்குக் குடுத்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தூக்கிக் குடுத்திருப்பேன். வாயில்லாத ஜீவன், நான் என்ன கல்லா? அவ கேக்கலை."

எத்தனை மழை நாளில், குடைக்குள் நடந்தபடி, விசாலம் என்னிடம் சொன்னது அது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "மாமி, நாய் நக்கினதுக்கு அவ வருத்தப்படல்ல. மாமியார்கிட்ட கேக்காம எடுத்துண்டு போனேனே, அதான் மனசை அறுக்கறதுன்னு எங்கிட்ட எப்பவும் சொல்லுவா" என்றேன்.

"உங்கிட்ட சொன்னாளா?"

"சொன்னா மாமி."

"எங்கிட்ட சொல்லலையேடீ" என்று முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

விசாலத்தைப் பற்றி நல்லதை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது இரண்டு. வேலை முடிந்தபின்னும் கொடுக்கவேண்டும் என்று செய்து காட்டினாளே, அது ஒன்று. ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறவரிடம் சொல்லவேண்டியதை வெளியில் ஒருத்தியிடம் சொல்லிவிட்டுப் போனாளே, அப்படி நான் போகக் கூடாது என்பது இன்னொன்று. இனி எனக்கு அந்த வீட்டில் ஒரு வேலையும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று பார்வதியம்மாளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.