அந்தோனியாரைத் தொலைத்த நாள்

போன வருடம் யூன் மாதம், அந்தோனியார் திருநாளுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. பின்னேரம் மூன்று மணியிருக்கும். அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில், ஒன்றரை அடி உயர அந்தோனியார் சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தூசி படாமல் பழைய சேலையால் சுற்றி, அரிசிச் சாக்குக்குள் இறக்கி, வாயையும் இறுக்கிக் கட்டியிருந்தேன்.

எங்கள் ஊர் குருநகர். எங்களிடம் புனிதர்களுக்கு ஓய்வே கிடையாது. மீன் முள் தொண்டையில் சிக்கினால் பிளாசியாரைக் கூப்பிடுவோம், வேலை கேட்டுச் சூசையப்பரிடம் போவோம், விசா இழுபட்டால் யூதா ததேயுவுக்கு மெழுகுதிரி கொளுத்துவோம். அவர்களுக்காவது இடைக்கிடை ஆறுதல் உண்டு. பாவம், அந்தோனியாருக்கு அதுவும் இல்லை. காணாமற்போன பூட்டுத் திறப்பு, அடையாள அட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. டிவி ரிமோட்டைக் காணாவிட்டால் என் கணவர் இருந்த கதிரையிலிருந்தே "அந்தோனியாரே!" என்று குரல் கொடுப்பார். எழும்பித் தேடுவது நான்.

எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெரு முழுவதுக்கும், பொதுவாக ஒரு அந்தோனியார் சுரூபம் இருக்கிறது. ஒவ்வொரு செவ்வாயும் ஒரு வீட்டுக்குப் போவார். அங்கே எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லி, அவித்த கடலை சாப்பிட்டுக் கலைவோம். அடுத்த செவ்வாய் வரை அவர் அந்த வீட்டு விருந்தாளி. எந்த வாரம் யார் வீடு என்ற பட்டியலை வைத்திருப்பது நான். யாரும் என்னை நியமிக்கவில்லை. நானாகவே எடுத்துக்கொண்ட உத்தியோகம்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, எதிர்வீட்டுத் தங்கச்சி மேசை விரிப்பை மாற்றும்போது சுரூபம் சரிந்து, குழந்தை இயேசுவைத் தாங்கியிருக்கும் கையின் சுண்டுவிரல் உடைந்துவிட்டது. அவளே அழுதுகொண்டு வந்து சொன்னாள். நான் விட்டேனா? ஒழுங்கையில் பத்துப் பேர் பார்க்க நிற்கவைத்து ஏசினேன்.

"ஒரு சுரூபத்தைப் பக்குவமாப் பாக்கத் தெரியாத உமக்கு என்னத்துக்கு முறை? இனி உம்மடை வீட்டுக்கு அவரை அனுப்பேலாது!"

சொன்னதோடு நிற்காமல் பட்டியலில் அவளுடைய பெயரையும் வெட்டினேன். அவளுடைய மகளுக்கு அந்த வருடம்தான் உயர்தரச் சோதனை. அதற்கு முன் இன்னொரு முறை அந்தோனியார் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அது தெரிந்தும்தான் வெட்டினேன். அன்றிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை.

விரலை ஒட்டிச் சாயம் பூச அச்சுவேலியில் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். "வேறொருவரும் தொடவேண்டாம், நானே போய்க் கொண்டு வருவேன்" என்று சொல்லித்தான் அன்று புறப்பட்டேன். ஐந்தரைக்குச் செபமாலை. யார் வீட்டில்? என் வீட்டில்தான். பட்டியல் என் கையில் அல்லவா!

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் சனம் நெருக்கித் தள்ளியது. "அம்மா, அந்தச் சாக்கை முன்னுக்கு டிரைவருக்குப் பக்கத்திலை வையுங்கோ, ஆக்கள் நிக்க இடமில்லை" என்றார் கண்டக்டர். வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையில் உள்ள ஒரு அக்காவின் போன் வந்தது. எதிர்வீட்டுத் தங்கச்சியின் கவலையீனத்தைப் பற்றித்தான் கதை. கதையின் ருசியில் யாழ்ப்பாணம் வந்ததே தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே பின்கதவால் இறங்கி, சந்தைப் பக்கம் நடந்துவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

பூக்கடைக்காரர் மாலை எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டார். சாக்கைத் தூக்கிக் காட்டலாம் என்று கையை உயர்த்தினேன். கையில் மாலைக்கு எடுத்து வைத்திருந்த காசு மட்டும் இருந்தது.

ஓடினேன். பஸ் இல்லை. பஸ் நிலையத்தில் பஸ்களின் நேரம் பதிகிறவரிடம் மூச்சிரைக்க நின்றேன்.

"என்னத்தை விட்டிட்டியள் அம்மா?"

"அந்தோனியாரை!"

"ஆள் என்ன உடுப்புப் போட்டிருந்தவர்?"

பதற்றத்தில் நானும், "மண்ணிற உடுப்பு, கையிலை ஒரு குழந்தை" என்றேன். "ஐயோ, குழந்தையுமோ!" என்று அவர் எழும்பியே விட்டார். விஷயத்தை விளங்கப்படுத்திய பிறகு கண்டக்டருக்குப் போன் எடுத்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த பஸ் வட்டுக்கோட்டைக்குப் போய்விட்டதாம். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேறு பக்கம் போய்விடுமாம்.

வேலை விஷயமாக மன்னாருக்குப் போயிருந்த கணவரை அழைத்தேன். அழுகையில் நான் என்ன சொன்னேனோ, அவர் முழுவதும் கேட்காமலே, "உதுக்கேன் அழுறாய்? அந்தோனியாரிட்டைச் சொல்லு, தேடித் தருவார்" என்றார். பிறகு விளங்கியிருக்க வேண்டும். "ஆரை? அந்தோனியாரையோ!" என்று அலறினார்.

அப்படியே அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டோ பிடித்துப் பின்னால் போகலாம் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு சுண்டுவிரலுக்கு அந்த ஆட்டம் ஆடியவள் முழு ஆளையே தொலைத்துவிட்டு ஒழுங்கைக்குள் எந்த முகத்தோடு போவது?

யாரோ தோளைத் தொட்டார்கள். எதிர்வீட்டுத் தங்கச்சி! பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில்தான் அவளுக்கு வேலை. நான் அழுவதைக் கண்டு வந்திருக்கிறாள். உலகத்தில் வேறு யார் வந்திருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். மறைக்க வழியில்லை, சொல்லிவிட்டேன். இப்போது ஏசுவாள், ஏசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏறுங்கோ அக்கா, கெதியாப் போனால் பிடிக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். ஸ்கூட்டிக்குள் மகளுடைய தலைக்கவசம் இருந்தது. அதை என் தலையில் போட்டு, வாரையும் அவளே பூட்டிவிட்டாள். கவலையீனமானவள் என்று நான் ஊரெல்லாம் சொன்ன அதே பெண்.

போகும் வழியெல்லாம் ஞாபகத்தில் வந்த புனிதர்களையெல்லாம் மன்றாடினேன். ஒரு வேகத்தடையில் ஸ்கூட்டி தூக்கிப் போட, பயணக்காரருக்குக் காவலான கிறிஸ்தோப்பரையும் சேர்த்துக்கொண்டேன். "அக்கா, அந்தோனியாரைத் தேடித் தரச் சொல்லி ஆரைக் கேக்கிறது?" என்றாள் முன்னால் இருந்து. மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னோடு சிரிக்கக் கதைத்தது அப்போதுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வட்டுக்கோட்டைச் சந்தியில் பஸ் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில், பிள்ளையார் படத்தோடு சேர்ந்து எங்கள் அந்தோனியார் நிற்கிறார்! விழாமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு துவாய் கட்டியிருந்தது. காலடியில் ஒரு செவ்வரத்தம்பூ. நெற்றி நிறையத் திருநீறு பூசிய டிரைவர் அண்ணை இறங்கி வந்தார்.

"சாமியைச் சாக்குக்குள்ளை கட்டிறதே, அம்மா? மூச்சு முட்டாதே? அதுதான் வெளியிலை எடுத்து விட்டனான். இண்டைக்கு எண்டு பாத்து பஸ்சும் நேரத்துக்கு வந்திட்டுது."

சரியான ஏச்சு. எனக்கு வேண்டியதுதான். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எதிர்வீட்டுத் தங்கச்சி அதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் சுரூபத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அந்தக் கையைத்தான் பிடித்துப் பார்த்தாள். "விரல் இருக்கக்கா, ஒண்டும் ஆகேல்லை" என்று சொல்லிவிட்டு ஏங்கி ஏங்கி அழுதாள். மூன்று வாரமாக அந்த விரலை அவள் எப்படிச் சுமந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் என்னை நானே வெறுத்தேன்.

திரும்பி வரும்போது அந்தோனியார் எங்கள் இருவருக்கும் நடுவில், சாக்கில்லாமல், நல்ல காற்று வாங்கிக்கொண்டு வந்தார். என் வீட்டு வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். ஆறு மணியாகிவிட்டது. யாரும் கேட்கும் முன்பே அவள் முந்திக்கொண்டாள்.

"என்ரை ஸ்கூட்டி இடையிலை நிண்டிட்டுது. அதுதான் சுணங்கிப்போச்சு."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் அப்படியே விட்டுவிடலாமா என்று மனம் சபலப்பட்டது. தப்பினேன் என்றுகூட நினைத்தேன். ஆனால் இன்னொரு பழியையும் அவள் தலையில் ஏற்ற என்னால் முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் ஒழுங்கையிலேயே நின்று சொன்னேன். அவளை ஏசிய அதே இடம். முன்னால் நின்ற ஒரு ஆச்சி, "அவருக்கும் ஊர் பாக்க ஆசை இருக்காதே?" என்று சொல்ல, ஒழுங்கையே சிரித்தது. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கியது.

சுரூபத்தை அவள் கையில் கொடுத்தேன். "இண்டைக்கு உம்மடை வீட்டிலைதான் செபமாலை. பிள்ளையின்ரை சோதனை முடியுமட்டும் அங்கையே நிக்கட்டும்" என்றேன். என் வீட்டுக் கதிரைகளையும் கடலைச் சட்டியையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு எல்லோரும் எதிர்வீட்டுக்கு நடந்தோம். பட்டியல் கொப்பியையும் அன்றே அவளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

ஒட்டிய அந்தச் சுண்டுவிரல் மற்ற விரல்களைவிடக் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது. திரும்பச் சாயம் பூசுவோமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். இன்றைக்கும் யாரையாவது ஏச வாய் திறக்கும்போது, இடுப்பில் துவாயோடு பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்ற அந்தோனியாரும், அவருடைய விரலைத் தடவிப் பார்த்து அழுத அவளும் கண்முன் வந்து நிற்கிறார்கள். என் வாய் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது.