செம்புத் தகட்டில் செம்பனை

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ இயற்பியல் சோதனையில் ஒரு கேள்வி: ஒரு சதுர சென்டிமீட்டர் செம்புத் தகட்டின் மேற்பரப்பில் எத்தனை அணுக்கள் இருக்கும்? அடர்த்தியை வைத்து உத்தேசமாகச் சொல்லுங்கள்.

பெரிய மாயமில்லை. ஒரு கன சென்டிமீட்டர் செம்பின் எடையை அடர்த்தி சொல்லிவிடும். அதை ஓர் அணுவின் எடையால் வகுத்தால் உள்ளே எத்தனை அணு என்று வரும். அதன் கனமூலம் ஒரு விளிம்பில் நிற்கும் அணுக்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் ஒரு முகம் முடிந்தது. வகுப்பே அப்படித்தான் எழுதியது, பெட்டி அடுக்கிய மாதிரி சதுரம் சதுரமாக.

நான் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். பள்ளி விடுமுறையில் மறுநடவுக்குக் கயிறு பிடித்து முளைக்குச்சி அடித்திருக்கிறேன். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையை யாரும் சதுரமாக நடுவதில்லை. முன்வரிசையின் இரண்டு மரங்களுக்கு நடுவே வருகிற மாதிரி அடுத்த வரிசையில் ஒரு மரம் வைப்பார்கள். மரத்துக்கு மரம் தூரம் குறையாது, அதே நிலத்தில் கூடுதல் மரம் பிடிக்கும். கை அந்தப் பழக்கத்திலேயே போய், அணுக்களையும் அப்படியே நட்டுவிட்டது. விடை மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் கூடி வந்தது.

இயற்பியல் சாரும் தமிழர்தான். திருத்திய தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்.

"என்னம்மா இது, செம்பனை நட்டு வச்சிருக்க? தோட்டத்துப் புத்தி போகல லா உனக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"உத்தேசமாத்தான சார் கேட்டீங்க? அவங்க விடையும் பதினாறு இலக்கம், என்னோடதும் பதினாறு இலக்கம். எனக்கு மட்டும் எப்படி முட்டை?"

"வாய் மட்டும் நல்லா இருக்கு. சயின்ஸ் உனக்கு ஒத்து வராது. திங்கக்கிழமையிலருந்து கலைப் பிரிவுல போய் உக்காரு."

வீட்டில் சொன்னேன். "சார் சொன்னா கேட்டுக்கம்மா, வம்பு எதுக்கு?" என்றார் அம்மா. வம்பு நான் இழுத்ததில்லை என்றேன். அன்றிரவே நூலகப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். செம்பின் ஒரு முகத்தில் அணுக்கள் உண்மையிலேயே செம்பனை மாதிரிதான் நிற்கின்றன. நான் வைத்த இடைவெளிதான் கொஞ்சம் நெருக்கம். படத்தில் நான் சரி, எண்ணில் அவர் கிட்டே. இதைச் சொல்லி அவர் ஒரு மார்க் குறைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். அவர் கணக்கைப் பார்க்கவே இல்லை. செம்பனையைப் பார்த்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார்.

திங்கட்கிழமை இயற்பியல் வகுப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். சார் உள்ளே வந்தவர் அப்படியே நின்றார்.

"நீ இன்னும் இங்கதானா?"

"இங்கதான் சார். இந்த இடம் நீங்க குடுத்தது இல்ல, எஸ்பிஎம் பரீட்சை மார்க்குல நான் வாங்குனது. எந்திரிக்க மாட்டேன்."

அன்று யாரும் சிரிக்கவில்லை. சார் வெண்பலகைப் பக்கம் திரும்பினார். பாடம் நடந்தது, நான் உள்ளே இருக்கும்போதே.