கிருபை அனுப்பிய திருத்தம்

சென்ற ஆண்டு மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் நேபாளத்துக்குக் கிளம்பினேன். வழியனுப்பத் தூத்துக்குடி ரயில் நிலையத்துக்கு வந்த தோழி கிருபை, லேப்டாப்பும் வாடிய முகமுமாக நின்றாள்.

அவள் துறைமுகத்தருகே ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கண்டெய்னர் பட்டியல் போடுவது ஓர் இலவச மென்பொருளில். கப்பல் கிளம்பும் தேதி மாறினால் பட்டியல் முழுவதும் அழிந்துவிடும். எல்லாவற்றையும் மறுபடி தட்டிவிட்டு, சொந்த ஊரான நாசரேத்துக்குப் பஸ் ஏற அவளுக்கு இரவு எட்டு மணியாகும். யார் வேண்டுமானாலும் திருத்தி, அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பக்கூடிய மென்பொருள் அது. கணினி படித்தவள், பிழையைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தாள்.

“அவங்களுக்கு அனுப்பிட்டியா?” என்று கேட்டேன்.

“அனுமதி கேட்டு லெட்டர் போட்டேன். மூணு வாரமாப் பதிலே இல்ல.”

கடிதத்தைக் காட்டினாள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, அடியில் அலுவலக முத்திரையோடு முடிந்தது.

“ஏளா, இது என்ன கஸ்டம்ஸா? திருத்தத்தை நேரா அனுப்பு. பிடிச்சா சேத்துக்கிடுவாங்க.”

“சீல் இல்லாத பேப்பரை எவன் தொடுவான்?”

ஆனாலும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மென்பொருள்காரர்கள் இருமுறை திருப்பிவிட்டார்கள். இருமுறையும் போனில் என்னைத் திட்டிவிட்டு மறுபடி அனுப்பினாள்.

ஏழு மாதம் கழித்து, நேபாளத்துப் போக்ராவில் இருந்த எனக்குச் செய்தி வந்தது: “சேத்துட்டாவ! இன்னைக்குக் கப்பல் தேதி மாறிட்டு, பட்டியல் அப்படியே நிக்கி. ஆறு மணி பஸ்ஸுல ஜன்னலோர சீட்டுல இருக்கேன்.”