கடிதத்தைத் தானே எழுதும் மெஷின்

கடிதம் டைப் அடித்துக் கொடுப்பவளுக்குத் தூக்கத்திலும் பிழைதான் கண்ணில் படும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இதையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதே பிழைப்பில் இருக்கும் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

எங்கள் கடை பதுளை டவுனில். முதலாளியின் மருமகன் கொழும்பிலிருந்து ஒரு புரோகிராம் அனுப்பினார். பெயரையும் விஷயத்தையும் கொடுத்தால், நாங்கள் டைப் அடிக்கும் எடிட்டரை அதுவே ஏவிக் கடிதத்தை எழுதுமாம். ஆனால் ஏவினால் கேட்கிற எடிட்டரை எங்கள் கம்ப்யூட்டர் மெஷினிலேயே கம்பைல் செய்து, அதாவது துண்டு துண்டாக உண்டாக்கி ஒட்டி, எடுத்துக்கொள்ள வேண்டும். "வெள்ளிக்குள்ள இது ஓடோணும் தங்கச்சி. இல்லாட்டி வேற ஆள்தான் பாக்கணும்" என்றார் முதலாளி.

ஒரு வரி

கம்பைல் செய்யச் சொன்னதும் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி முடிந்தன. எடிட்டர் அழகாகத் திறந்தது. புரோகிராமோ எடிட்டரையே காணவில்லை என்றது. மருமகனுக்குப் போன் செய்தேன். கம்பைல் செய்யுமுன் ஏவல் கேட்கும் வசதிக்கான வரியில் ‘யெஸ்’ போட்டேனா என்றார். போடவில்லை.

"அது நல்ல எடிட்டர்தான் அக்கா. ஊருக்கெல்லாம் வேலை செய்யும், ஒங்களுக்குத்தான் செய்யாது."

பழைய துண்டுகள்

‘யெஸ்’ போட்டு மறுபடி கம்பைலை ஓட்டினேன். சட்டென்று முடிந்தது, கை பழகிவிட்டது என்று நினைத்தேன். முதல் முறை உண்டான எடிட்டர் துண்டுகளை அழிக்காததால் மெஷின் அவற்றையே திரும்ப ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். போட்டோகொப்பி எடுக்கும் ஜெசிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேத்துக் கொழம்பச் சுடவச்சிட்டு, புதுசா ஆக்கினேன்னு சொல்றீங்களே அக்கா."

ராஜம்மாவின் மனு

வியாழக்கிழமை புரோகிராம் ஓடியது. அன்று ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ராஜம்மா வந்திருந்தார். குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிறது, வேறு வீடு வேண்டும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு மனு. அதை அடித்து முடித்த கையோடு, பசறைக்காரர் ஒருவரின் தண்ணீர்க் குழாய் மனுவுக்குப் புரோகிராமை ஏவினேன். புது ஜன்னல் திறக்கும் என்று நம்பினேன். அது திறந்து கிடந்த ராஜம்மாவின் மனுவிலேயே போய் எழுதிவிட்டது. முதலாளி பார்த்துக்கொண்டு நின்ற பதற்றத்தில், வாசிக்காமல் அச்செடுத்து ராஜம்மாவிடம் கொடுத்தேன். ராஜம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். மறுநாள் மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தார்.

"வீடு வேணுமா, பைப்பு வேணுமான்னு தொரை கேக்குறாரு. மண்ணு வர்றதுக்குள்ள ஏதாவது ஒண்ண ஒழுங்கா எழுதிக் குடுங்கம்மா."

என் கையாலேயே அடித்து, இரண்டு தடவை வாசித்துக் காட்டி அனுப்பினேன். அவர் பஸ் ஏறியதும், ஏவினாலும் கேட்காதபடி எடிட்டரை மறுபடி கம்பைல் செய்து வைத்தேன். மெஷின் ஓடுகிறதா என்று முதலாளி தினமும் கேட்கிறார், கடிதம் அடிக்கிற விரலை நிறுத்தாமலே ‘ஓடுகிறது’ என்கிறேன், கரண்ட் இருக்கும்வரை அது பொய்யும் இல்லை.