மூன்று நொடியில் மறையும் வரி

இன்று எங்கள் கிரானைட் குடோனில் புதிய கம்ப்யூட்டர் புரோகிராம் வந்தது. நான் அதைப் படித்து இயக்கினால் கேட்டில் லாரி பதியும் வேலை எனக்கு. இல்லையென்றால் பழையபடி கேட்டைத் திறந்து மூட வேண்டியதுதான்.

எழுபது வயதில், போன வருஷம்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன்.

லாரி நம்பரைத் தட்டினேன். கீழே ஒரு வரி வந்தது. "இந்..." என்பதற்குள் மறைந்துவிட்டது.

மறுபடி தட்டினேன். "இந்தச் செய்..." போய்விட்டது.

"பேகா, சீக்கிரம் படிங்க தாத்தா, லாரி நிக்குது" என்றார் ஓனர்.

"லாரி நிக்குது சார், எழுத்துதான் நிக்கமாட்டேங்குது!"

பதினோராவது தடவை முழுதாகப் படித்துவிட்டேன்: "இந்தச் செய்தி மூன்று நொடியில் மறையும்."

புரோகிராம் எழுதிய பிரிசில்லா மேடம் தலையில் கைவைத்தார். "ஐயோ தாத்தா, அது டெஸ்டுக்குப் போட்டது! ஒரே லாரி பதினோரு தடவை உள்ளே வந்திருக்கு!"

"எழுதி வச்சா படிக்கணும் இல்ல மேடம்?"

புரோகிராமுக்குள் மெயின் விண்டோ கிளாஸ் என்று ஒன்று இருக்கிறதாம். எல்லாத் திரையும் அதன் சொல்படிதான் நடக்குமாம். எனக்காக அதை மாற்றினார். இனி, இங்கிலீஷில் இருந்த மற்ற வரிகளும் சேர்த்து எல்லாம் தமிழில் வரும். "படித்துவிட்டேன்" என்று அழுத்தும்வரை நிற்கும். வேலை எனக்கே!

சாயங்காலம் கேபினிலிருந்து ஓனர் கத்தினார்: "தாத்தா, என் திரையிலும் தமிழ் வந்து நிக்குது! என்னன்னு படிங்க!"

பெங்களூரில் பிறந்த தமிழர் அவர். பேசுவார், படிக்கத் தெரியாது. போய்ப் படித்துக் காட்டினேன். அவர் அவசரப்படுத்தினால் முதல் எழுத்திலிருந்து திரும்பவும் கூட்டுகிறேன். தப்பா? சொல்லுங்கள்.