நாலாம் நம்பர் வண்டி சாப்பிட வந்த இடம்

பேய், காத்துக் கறுப்பு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தாலே எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். என் எலக்ட்ரீஷியன் தொழில் அப்படி. கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் செத்துப்போன மாமியார் வந்து லைட்டை அணைத்து அணைத்துப் போடுகிறாள் என்று மருமகள் காய்ச்சலில் படுத்துவிட்டாள், போய்ப் பார்த்தால் நியூட்ரல் வயர் லூஸ், ஸ்க்ரூவை முறுக்கினேன், மாமியார் போய்விட்டாள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காக இதை நீங்கள் நம்ப வேண்டும் என்றில்லை. நம்பாவிட்டால் போங்கள். ஆனால் பாதியில் சிரிக்காதீர்கள், இதில் ஒருத்தியின் உயிர் போயிருக்கிறது.

வில்லியனூர் தாண்டி ஒரு பெரிய குடோன். கம்பெனி பெயர் வேண்டாம். அங்கே சரக்கைத் தள்ள ஆளும் கிடையாது, டிரைவரும் கிடையாது. முழங்கால் உயரம்கூட வராத தட்டை வண்டிகள் தானாகவே ஓடிப்போய் டிராலிக்கு அடியில் நுழைந்து அதைத் தூக்கிக்கொண்டு போகும். பேட்டரி இறங்கினால் தானாகவே சார்ஜ் பாயிண்டில் போய் நிற்கும். தரையில் இரண்டு செம்புத் தகடு பதித்திருப்போம், வண்டியின் வயிற்றிலிருந்து இரண்டு காண்டாக்ட் ‘டக்’கென்று இறங்கி அந்தத் தகட்டை அழுத்தும், கரண்ட் ஏறும். தகடு பதிப்பது, மட்டம் பார்ப்பது, ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்றுவது, இதுதான் என் வேலை. நூல் அளவு மட்டம் தப்பினாலும் பொறி பறந்து தகடு கருகிவிடும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு விளக்கு உண்டு. பசித்தால் சிவப்பு, பாதி என்றால் மஞ்சள், வயிறு நிறைந்தால் பச்சை. பசி, வயிறு என்பதெல்லாம் என் கற்பனை இல்லை, குடோனில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். வண்டி சார்ஜில் நிற்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள், ‘வண்டி சாப்ட்டுனு இருக்குது’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவள் அஞ்சலை அக்கா.

அஞ்சலை அக்கா மண்ணாடிப்பட்டு பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிற கான்ட்ராக்ட் ஆள். தகட்டில் படிகிற கரியையும் எண்ணெயையும் முட்டி போட்டு ஸ்பிரிட் துணியால் துடைப்பது அவள் வேலை. வாய் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. வண்டி வந்தால் அதனோடும் பேசுவாள். “வா ராசா, தட்டு கழுவி வச்சிருக்கேன், சாப்டு” என்று நகர்ந்து இடம் விடுவாள். புருஷன் இல்லை. சங்கீதா என்று ஒரே பெண், நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் பெண் படிப்பை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போக வேண்டும், அந்தப் பயம் ஒன்றுதான் அக்காவுக்கு. கான்ட்ராக்ட் ஆட்கள் உடம்பு முடியவில்லை என்று லீவு எடுத்தால் திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறு ஒருத்தி துணியோடு உட்கார்ந்திருப்பாள். கேன்டீனுக்குள்ளும் அவர்களை விடமாட்டார்கள். பின்பக்க மூலையில் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறப்பார்கள்.

அந்த மூலையில் முன்பு ஒரு சார்ஜ் பாயிண்ட் இருந்தது. கீழே வயல்மண், ஈரம் ஏறிக்கொண்டே இருந்ததால் நானே தகட்டைப் பெயர்த்து, கேபிளை உருவி, குழியைச் சிமெண்ட் போட்டு அடைத்தேன். அங்கே கரண்ட் என்று ஒரு துளி கிடையாது. கையெழுத்துப் போட்டு வேண்டுமானாலும் தருகிறேன்.

ஆடி மாதம், வீராம்பட்டினம் தேர். அன்றைக்குக் கம்பெனி லீவு. லீவு நாளில்தான் எங்களுக்கு நிம்மதியாகத் தகட்டில் கை வைக்க முடியும். மெயினை அணைத்து, அதில் என் பூட்டைப் போட்டு, சாவியைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். டெஸ்டர் வைத்து எல்லாத் தகடும் செத்துக்கிடக்கிறது என்று பார்த்த பிறகுதான் அஞ்சலை அக்காவைத் துடைக்கவிட்டேன். மத்தியானம் அவள் அந்த மூலையில் சாப்பிட்டுவிட்டு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்துவிட்டாள். நான் கொஞ்சம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். வெளியே நல்ல உச்சிவெயில். இருட்டு, நாய் ஊளை, அதெல்லாம் எதுவும் கிடையாது.

சிவப்பில் நின்றிருந்த நாலாம் நம்பர் வண்டி கிளம்பியது. மேலே கண்ணாடி ரூமிலிருந்து மேனேஜர் தனசேகர் சார்தான் எதையோ அழுத்திவிட்டார் என்று நிமிர்ந்து பார்த்தால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். வண்டி வழியில் இருந்த பாயிண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மூலைக்குப் போய், அஞ்சலை அக்கா தலைமாட்டில் நின்று, காண்டாக்டை வெறும் சிமெண்டில் இறக்கியது. டக். விளக்கு மஞ்சள் ஆனது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, விளக்கு போச்சு, மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். நான் சோற்றை விழுங்குவதற்குள் பச்சை ஆகிவிட்டது. நம்பினால் நம்புங்கள், அவ்வளவு சீக்கிரம் எந்தத் தகட்டிலும் ஏறாது.

கை கழுவாமல் ஓடினேன். வண்டியின் சிவப்பு பட்டனை அமுக்கினேன், அமுக்கினால் விளக்கோடு எல்லாம் அணைய வேண்டும், அணையவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன், உலுக்கினேன். கை ஈரத்துணி மாதிரி விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து வண்டி தானே காண்டாக்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.

“இன்னா குணா, பொழுது விடிஞ்சிடுச்சா?” என்றாள். வெயில் அவள் காலில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து வாளியைத் தூக்கப் பார்த்தாள், தூக்க முடியவில்லை, நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மெயினில் என் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. வண்டி பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். வழிய வழிய நிறைந்திருந்தது.

தனசேகர் சார் குரலை உயர்த்தாத மனுஷன். எல்லோரையும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். மறுநாள் ஏதோ வேலை சொல்வதுபோல அஞ்சலை அக்காவை அந்த மூலையில் நிறுத்திவிட்டு, சிவப்பில் இருந்த ஒரு வண்டியை அவிழ்த்துவிட்டார். அது அவளிடம்தான் போனது, பச்சை ஆனது. அவர் பயப்படுவார், பூசாரியையோ சாமியாரையோ கூப்பிடுவார் என்று நினைத்தேன். முகவாயைத் தடவிக்கொண்டு நின்றார்.

“இத வெளிய யார்கிட்டயும் பேசாதப்பா” என்றார். அவ்வளவுதான்.

தீபாவளி சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. தரை ஈரம் குடித்துத் தகடுகள் ஒவ்வொன்றாக ஷார்ட் ஆயின. நான் ஒன்றைப் பெயர்த்துக் காயவைத்தால் இன்னொன்று போகும். சரக்கு மலையாகக் கிடக்க, வண்டிகள் சிவப்பு சிவப்பாக நின்றன, மேலிடத்திலிருந்து போன் வந்தபடி இருந்தது. தனசேகர் சார் தன் ரூமிலிருந்து குஷன் போட்ட நாற்காலி ஒன்றை அவரே தூக்கிவந்து மூலையில் போட்டார்.

“இனிமே தொடைக்கிற வேலை வேணாம்மா. இப்படி உக்காந்துக்க. வண்டி வந்தா வரட்டும், போனா போகட்டும். அதே சம்பளம்தான்.”

இத்தனை வருஷத்தில் வேலை செய்கிற இடத்தில் அவளை யாரும் உட்கார் என்று சொன்னதில்லை. முந்தானையால் நாற்காலியை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கன்றுக்குட்டிகள் மாதிரி அவளைச் சுற்றி நின்றன.

நான் நேராகவே சொன்னேன். “அக்கா, அது உன்ன தின்னுதுக்கா. எழுந்து வூட்டுக்குப் போயிடு.”

“முட்டி தேயத் தொடச்சப்போ வராத அக்கற இப்ப இன்னா குணா திடீர்னு வருது? நா நாற்காலில உக்கார்றது உனுக்கு உறுத்துதா?”

எனக்குச் சுருக்கென்றது. மாடிக்குப் போய் தனசேகர் சாரிடம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நாற்காலில உக்காந்தா ஆள் செத்துடும்னு எந்த டாக்டராவது எழுதிக் குடுப்பாரா? வாங்கிட்டு வாப்பா, நானே எழுப்பி அனுப்பறேன்.” பிறகு, “வந்ததே நல்லதாப் போச்சு. அந்தம்மா உக்கார்றப்ப நாற்காலி நகந்துடுது, வண்டி நேரா வந்து நிக்க மாட்டேங்குது, அலைன்மென்ட் போவுது. தரையில போல்ட் போட்டு ஃபிக்ஸ் பண்ணிடு” என்றார்.

பேயைக்கூட விடுங்கள், அந்த வாக்கியத்தைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. முடியாது என்றேன். அடுத்த நாள் கேட்டிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். என் இடத்துக்கு முருகன் என்று ஒரு பையன் வந்தான், போல்ட் போட்டவன் அவன்தான், இனி நான் சொல்வதெல்லாம் அவன் அவ்வப்போது போனில் சொன்னது. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை, அவனுக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் போதாது.

அக்கா இளைத்துக்கொண்டே போனாளாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை என்று சத்து மாத்திரை கொடுத்தார்களாம். ஆரம்பத்தில் “நீ மொதல்ல சாப்டு ராசா, அவன் அப்பறம் வரட்டும்” என்று வண்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவள் பிறகு பேசுவதையே விட்டுவிட்டாளாம். காலையில் பஸ் ஏறக் காலைத் தூக்க முடியவில்லை என்றதும் கம்பெனியே கார் அனுப்பியது. ஊர் பார்க்கக் காரில் ஏறிப்போனாள். தை மாதத்தில் ஒரு பகலில் அவள் அந்த நாற்காலியிலேயே செத்துப்போனாள். அதை மனுஷர்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒரு வண்டி காண்டாக்டை இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் சிவப்பாகவே நின்றதாம், இன்னாடா இது சாப்பிட மாட்டேங்குது என்று முருகன் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தனசேகர் சார் ஓடிவந்து முதலில் குனிந்து போல்ட்டைத்தான் பார்த்தாராம்.

அதன் பிறகு அந்த நாற்காலியில் யார் யாரையோ உட்காரவைத்துப் பார்த்தார்கள். வாட்ச்மேன் உட்கார்ந்தார், கிளீனிங் பெண்கள் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். ஒரு வண்டியும் திரும்பவில்லை. நாற்காலியைக் கழற்றிவிடலாம் என்று பேச்சு வந்தபோது சங்கீதா வந்தாள். அம்மாவுடைய டப்பாவையும் அடையாள அட்டையையும் வாங்கிப்போக வந்த பெண், காத்திருக்கச் சொன்னதும் பார்த்தாள், அங்கே வேறு நாற்காலி இல்லை, உட்கார்ந்தாள். குடோனின் அந்தக் கோடியில் டிராலியோடு போய்க்கொண்டிருந்த நாலாம் நம்பர் வண்டி டிராலியை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்தது. கண்ணாடி ரூமிலிருந்து தனசேகர் சார் இறங்கிவந்தார். கையில் டீ.

“படிப்பெல்லாம் எப்படிம்மா போவுது? வேலை ஏதாவது பாக்கறியா?” என்று கேட்டாராம்.

முருகன் என்னிடம் இதைச் சொன்னபோது அவள் அந்த நாற்காலி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். சங்கீதாவுக்கு என்னைத் தெரியும். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தேர் லீவில் நடந்ததிலிருந்து போல்ட் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அம்மாவைப்போல என் மேல் பாய்வாள், பாயட்டும், எப்படியாவது காலில் விழுந்தாவது இவளை நிறுத்திவிடுவது என்றுதான் போயிருந்தேன். அவள் பாயவில்லை. நான் குடித்து வைத்த காலி டம்ளரை எடுத்தாள். ஒரு கையால் முடியாமல் இரண்டு கையாலும் பிடித்து எடுத்தாள்.

“தெரியும் மாமா” என்றாள்.

“தெரிஞ்சுமா போற?”

“அங்க உக்காந்தா கொஞ்ச நேரத்துல தூக்கம் வருது மாமா. தூங்குனா அம்மா வராங்க. எதிர்ல தரையில சம்மணம் போட்டு உக்காந்து சாப்ட்டுனு இருக்காங்க. ஒடம்பு நல்லா தேறிட்டாங்க மாமா, கன்னமெல்லாம் வச்சிருக்குது.” சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷம்தான். “ஒண்ணுதான் கஷ்டமா இருக்குது. எப்பவும் எனக்குப் போட்டுட்டுதான் அவங்க தட்டத் தொடுவாங்க. இப்ப அம்மா அம்மான்னு எவ்ளோ கூப்ட்டாலும் தலையத் தூக்கி என்னைப் பாக்கறதே இல்ல. அவ்ளோ பசி போல. சாப்ட்டு முடிச்சா பாப்பாங்க இல்ல? அதுக்குத்தான் உக்காந்துனு இருக்கேன்.”

வாசலில் கம்பெனி கார் வந்து ஹாரன் அடித்தது. கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். கையைப் பிடித்து இழுத்தேன், அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து என்னை விலக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அவள் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

ஏன் அந்தத் தாயிடமும் பெண்ணிடமும் மட்டும் அந்த வண்டிகள் வந்தன, தூக்கத்தில் வருவது அஞ்சலை அக்காதானா, எனக்குத் தெரியாது. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். வீட்டில் நான் சாப்பிடும்போது அவள் அப்பா என்று கூப்பிட்டால், வாயில் இருக்கும் சோற்றோடு உடனே நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.